தொண்ணூறாவது நாள்

பயங்கரவாத வழக்குகளுக்குத் தனி நீதிமன்றம் வேண்டுமா, வேண்டாமா? பயிற்சி வகுப்பில் உங்களில் ஒருவர் எழுந்து இதைக் கேட்டபோது நான் தண்ணீர் குடித்தேன், கடிகாரத்தைப் பார்த்தேன், வேறு எதையோ பேசி வகுப்பை முடித்துவிட்டேன். ஓய்வு பெற்ற அம்மாளுக்குக் காது மந்தம் என்று நினைத்திருப்பீர்கள். காது நன்றாகவே கேட்கிறது. அந்தக் கேள்விக்கு ஒரு வரிப் பதில் என்னிடம் இல்லை. ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல மட்டும் இருக்கிறது. சொல்கிறேன். நீங்கள் அரசு வழக்கறிஞராக முதல் கையெழுத்துப் போடுவதற்கு முன் இதைப் படித்துவிட்டால் நல்லது.

நான் பணியில் இருந்த கடைசி வருடங்களில் எங்கள் ஊரில் இந்த வகை வழக்குகளுக்கென்றே ஒரு சிறப்பு நீதிமன்றம் வைத்தார்கள். ஆற்றங்கரைப் பக்கம் ஒரு பழைய கட்டடம். பெரிய ஜன்னல்கள். உள்ளே போக இரண்டு இடத்தில் சோதனை. கைதியின் வீட்டார் வெளிவாசலில் இருக்கும் வேப்பமரத்தோடு நின்றுகொள்ள வேண்டும். உள்ளே ஒரு நீதிபதி, அரசுத் தரப்பில் நான், ஒரே வகை வழக்கு.

அதற்கு முன் இருபத்தைந்து வருடம் நான் சந்தைக்கடை மாதிரி இருக்கும் நீதிமன்றங்களில் வேலை பார்த்தவள். வரப்புத் தகராறு, வெட்டுக்குத்து, வாய்தா கேட்டு நிற்கும் கூட்டம், வராந்தாவில் அழும் பிள்ளைகள். இங்கே வந்ததும் சத்தமே இல்லை. ஆனி பிறந்து மேற்கே மலையில் மழை பிடித்துவிட்டால் ஊருக்குள் குளிர்ந்த காற்று மட்டும் வரும். வெயில் இருக்கும், சுடாது. ஜன்னல் வழியாக ஆற்றின் ஈர வாசம் வரும். மதியத்துக்கு மேல் எல்லோரும் மெதுவாகப் பேசுவோம். தட்டச்சு செய்கிறவரின் விரல்கூட மெதுவாகத்தான் விழும். ஏதோ தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்து வழக்கு நடத்துவது போல இருக்கும். அந்த அமைதியை நான் பெரிய கௌரவமாக நினைத்தேன். அதற்குள் எவ்வளவு தூக்கம் கலந்திருந்தது என்று அப்போது தெரியவில்லை.

வழக்கு இதுதான். ராதாபுரத்துக்குத் தெற்கே, கடலிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு பனந்தோப்புக்குள், அந்தப் பக்கம் பனைவிளை என்பார்கள், தகரக் கொட்டகை ஒன்று இருந்தது. அதற்குள் வெடிமருந்தும், அதை வெடிக்க வைக்கும் சாமான்களும் கிடைத்தன. வெளியூர்க்காரர்கள் மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராகப் பிடிபட்டார்கள். அதில் ஒருவனுடைய போனில் வண்ணார்பேட்டையில் பஸ் நிற்கும் இடத்தின் படங்கள் நிறைய இருந்தன. காலைக் கூட்டம், சாயங்காலக் கூட்டம், கூட்டமே இல்லாத நேரம். நான் தினமும் பஸ் ஏறுகிற இடம் அது. ஒரு படத்தின் ஓரத்தில் நான் பூ வாங்கும் அம்மாள் குனிந்து தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். அந்தப் படத்தைப் பார்த்த பிறகு பல நாள் நான் அங்கே நின்றபோது யார் கையில் என்ன பை என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த ஆபத்து கட்டுக்கதை இல்லை. அந்த மூன்று பேரில் குற்றவாளிகள் இருந்தார்கள். இதை மறந்துவிட்டு நான் சொல்லப்போவதைக் கேட்காதீர்கள்.

நான்காவதாக ஒருவர் கைதானார். பெயர் தொம்மை. பக்கத்துக் கடலோர ஊரில் படகு எஞ்சின் பழுது பார்க்கிறவர். முப்பத்தைந்து வயது இருக்கும். மூன்று பேரில் ஒருவனுடைய போனில் அவர் எண் இருந்தது, பலமுறை பேசியிருக்கிறார்கள். அவர்கள் வாங்கி வைத்திருந்த பழைய வள்ளத்தின் எஞ்சினை அவர்தான் சரி செய்து கொடுத்திருந்தார். உள்ளூரில் உதவிய ஆள் அவர்தான் என்று விசாரணை அதிகாரி முடிவு செய்தார். அந்த டி.எஸ்.பி. கெட்டவர் இல்லை. கடுமையான உழைப்பாளி. நாலு நாள் தூங்காமல் அந்த மூவரையும் பிடித்தவர் அவர்தான்.

சாதாரண வழக்குகளில் குறிப்பிட்ட நாட்களுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் கைதிக்கு ஜாமீனில் போக உரிமை வந்துவிடும். பயங்கரவாத வழக்குகளுக்கான இந்தச் சட்டத்தில், கைதாகித் தொண்ணூறு நாள் முடியும்போது இன்னும் அவகாசம் தேவை என்று காரணம் சொல்லி அறிக்கை கொடுத்தால், நீதிமன்றம் காவலை நூற்றெண்பது நாள் வரை நீட்டலாம். அந்த அறிக்கையை யார் கொடுக்க வேண்டும்? போலீஸ் அதிகாரி கொடுத்தால் செல்லாது. அரசு வழக்கறிஞர்தான் கொடுக்க வேண்டும். நடுவில் ஒரு ஆள் நின்று, எல்லாவற்றையும் படித்துப் பார்த்து, இது நியாயம்தானா என்று தானே யோசிக்கட்டும் என்று சட்டம் நினைத்திருக்கிறது. அந்த நடு ஆள் நான்.

எண்பத்தெட்டாவது நாள் மதியம் சாப்பிட்டுவிட்டு என் அறையில் உட்கார்ந்திருந்தேன். சாரல் காற்று. காகிதங்கள் பறக்காமல் இருக்க ஒரு கூழாங்கல்லை வைத்திருந்தேன். டி.எஸ்.பி. வந்தார்.

"மேடம், நாளக் கழிச்சு தொண்ணூறு. நாலு பேருக்கும் சேத்து நீட்டிப்பு அறிக்கை அடிச்சுக் கொண்டாந்துட்டேன். லேப் ரிப்போர்ட்டு பாக்கி. மத்தபடி வழக்கமா எழுதுததுதான்."

"டயரி?"

"கார்ல இருக்கு மேடம். எடுத்தாரச் சொல்லவா? நாலு பக்கத்துல சுருக்கம் போட்டு மேலயே வச்சிருக்கேன்."

விசாரணை அதிகாரி அன்றன்றைக்கு என்ன செய்தார், யார் என்ன சொன்னார்கள் என்று எழுதி வைப்பதுதான் அந்த வழக்கு டயரி. தலையணை உயரம் இருந்திருக்கும். நான் சுருக்கத்தைப் படித்தேன். நன்றாக எழுதியிருந்தார். வெளியே ஆறு வெள்ளை வெளேரென்று அசையாமல் கிடந்தது. கண் சொருகிக்கொண்டு வந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டேன். போட்டதே நினைவில் இல்லாத அளவுக்குச் சுலபமாகப் போட்டேன்.

தொண்ணூறாவது நாள் காலை நான் நீதிமன்றத்துக்குள் போகும்போது வேப்பமரத்தடியில் ஒரு பெண், இரண்டு மாதக் குழந்தையை மடியில் கிடத்தி உட்கார்ந்திருந்தாள். கறுப்புக் கோட்டைப் பார்த்ததும் எழுந்து வந்தாள்.

"எக்கா, நீங்க வக்கீலுதானே? எங்க வீட்டுக்காரருக்கு இன்னைக்குத் தொண்ணூறு. இன்னைக்கு வுட்டுருவாவன்னு சொன்னாவ. வுட்டுருவாவளா?"

"பேர் என்ன?"

"தொம்மை. என் பேரு பிலோமி. இவ பொறக்கையில அவரு உள்ள. அவரு கையில வாங்கித்தான் ஞானஸ்நானம் குடுக்கணும்னு சாமியார்ட்ட சொல்லி வச்சிருக்கு. வார ஞாயித்துக்கெழம."

நான் யார் என்று சொல்லவில்லை. "உள்ளே கேட்டால் தெரியும்மா" என்று சொல்லிவிட்டுச் சோதனை வாசலைத் தாண்டிப் போனேன். சிறப்பு நீதிமன்றத்தின் வாசல் இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் வசதியாக இருந்தது. அவளால் அதைத் தாண்டி வர முடியாது.

நீதிபதி வயதில் என்னைவிட இளையவர். அதிகம் பேசாதவர். அவர் தொம்மையைப் பார்த்து, "உங்க காவலை இன்னும் தொண்ணூறு நாள் நீட்டிக்கக் கேக்காங்க. நீங்க ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார்.

தொம்மை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "எல்லாத்தையும் மொத நாளே சொல்லிட்டம்லா ஐயா. இனி சொல்லுததுக்கு என்ன இருக்கு?"

நீதிபதி என் பக்கம் திரும்பினார். "வழக்கு டயரியைப் படித்தீர்களா?"

"படித்தேன் ஐயா."

இரண்டு சொல். இத்தனை வருடத்தில் நீதிமன்றத்தில் நான் சொன்ன முதல் பொய். யாரும் என்னை மிரட்டவில்லை. வற்புறுத்தவில்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, எல்லாம் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது, அந்த ஓட்டத்தை நிறுத்த எனக்கு மனமில்லை. அவ்வளவுதான் காரணம்.

காவல் நீட்டிக்கப்பட்டது. தொம்மை விரலை மடக்கி எண்ணினார். ஐப்பசியா, கார்த்திகையா என்று பக்கத்தில் நின்ற காவலரிடம் கேட்டது என் காதில் விழுந்தது.

அன்று சாயங்காலம் நான் பின்வாசல் வழியாக வெளியே போனேன்.

அதற்குப் பிறகு நாற்பது நாள்போல ஆயிற்று. குற்றப்பத்திரிகை தயாரிக்க வேண்டும், அதனால் டயரி முழுவதையும் வரவழைத்தேன். ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் படிக்க உட்கார்ந்தேன். பத்தரை மணிக்கெல்லாம் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றுகொண்டேன்.

தொம்மையின் முதல் நாள் விசாரணைக் குறிப்பு, டி.எஸ்.பி.யின் சொந்தக் கையெழுத்தில் இருந்தது. தொம்மையை விசாரித்தபோது, எஞ்சினைச் சோதிக்க அந்த ஆட்கள் தன்னை ஒரு பனைவிளைக்குக் கூட்டிப்போனதாகவும், அங்கே ஒரு கொட்டகையின் பக்கம் போக விடாமல் தடுத்ததாகவும், தனக்குச் சந்தேகமாக இருந்ததாகவும் சொன்னார். அவர் காட்டிய வழியில் போய்த்தான் கொட்டகை கண்டுபிடிக்கப்பட்டது. அதாவது, வெடிமருந்து கிடைத்ததே தொம்மையால்தான். அவர் காட்டியிராவிட்டால் அந்தச் சாமான் வண்ணார்பேட்டைக்கு வந்திருக்கும்.

டயரியின் கடைசியில் ஒரு உறை. அதற்குள் தொம்மையின் போன் பற்றிய லேப் ரிப்போர்ட். எழுபத்தோராம் நாளே வந்துவிட்டது. பாக்கி என்று சொல்லி நான் கையெழுத்துப் போட்ட அதே ரிப்போர்ட். தொம்மை அனுப்பிய குரல்பதிவுகளை எழுத்தில் கொடுத்திருந்தார்கள். "அண்ணாச்சி, பிளக்கு மாத்தியாச்சு. எஞ்சினை எடுத்துட்டுப் போங்க, எடத்த அடைச்சுக்கிட்டுக் கெடக்கு." வேறு ஒன்றில், "அங்கன கொட்டகைல அப்படி என்னதான் வச்சிருக்கிய? பக்கத்துல போனா அடிக்க வாரிய?" மற்றதெல்லாம் எஞ்சின், எஞ்சின், எஞ்சின்.

டி.எஸ்.பி.யைக் கூப்பிட்டேன். வந்தார். உறையை மேசைமேல் வைத்தேன். 

"நான் மறைக்கல மேடம். டயரியிலதான் இருக்கு."

"நான் படிக்க மாட்டேன் என்று தெரிந்து வைத்திருக்கிறீர்கள்."

அவர் உறையை எடுத்து மூடினார். பிறகு, "உள்ளூர் ஆளு ஒருத்தன் இல்லாம இவ்வளவு தூரம் செஞ்சிருக்க முடியாதுன்னு நெனச்சேன். இப்பவும் முழுசா அந்த எண்ணம் போகல. சரி, நீங்க சொல்லுதபடி அவன் இல்லன்னே வச்சுக்கிடுவோம். இன்னும் அம்பது நாளுகூட இல்ல. குற்றப்பத்திரிகை போடும்போது பைய அவன் பேர விட்டுருவோம். வெளிய போயிருவான். யாருக்கும் தெரியாது" என்றார்.

"ஐம்பது நாள்."

"மேடம், நீங்க இப்பப் போயி தப்பா அறிக்கை குடுத்துட்டேன்னு கோர்ட்டுல எழுதிக் குடுத்தா, அந்த மூணு பேரோட வக்கீலு வழக்கையே கிழிச்சுருவாரு. அவனுவ வெளிய வந்தா நாளைக்கு அந்த பஸ் நிக்குத எடத்துல நீங்கதான் நிப்பிய, நானும்தான் நிப்பேன். எம் பொண்ணு அங்கனதான் காலேஜ் பஸ் ஏறுதா."

 அந்தப் பேச்சில் பொய் இல்லை. அதனால்தான் அது என்னைப் பிடித்துக்கொண்டது.

வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு. நான்கு நாள் நான் ஒன்றும் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி ஆழ்வார்திருநகரிக்குப் போனேன். யாரையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை. கோயிலுக்குள்ளும் போகவில்லை. ஆற்றில் கணுக்கால் தண்ணீரில் வெகு நேரம் நின்றேன். மதிய வெயிலில் தண்ணீர் கண்ணாடி உருகி ஓடுவது போல ஓடியது. ஒரு சிறிய மீன் என் கால்விரலைக் கொத்திக் கொத்திப் பார்த்தது. எங்கேயோ ஒரு வீட்டில் குழந்தைக்குத் தாலாட்டுப் பாடுகிறார்கள் என்று தோன்றியது. காது கொடுத்துக் கேட்டால் வெறும் காற்று. இந்த ஊரே ஒரு பெரிய மதியத் தூக்கத்தில் இருப்பது போலவும், நான் ஒருத்தி எழுந்துவிட்டால் எல்லோரையும் எழுப்பியாக வேண்டும் போலவும் இருந்தது. பயமாக இருந்தது. என் வேலை போய்விடும் என்ற பயம். அதைவிட, அந்த மூன்று பேர் வெளியே வந்துவிடுவார்கள் என்ற பயம்.

இந்த நான்கு நாளைப் பற்றி நான் பெருமையாகச் சொல்ல ஒன்றும் இல்லை. தொம்மை அந்த நான்கு நாள் உள்ளே இருந்ததற்குச் சட்டம் காரணமில்லை, போலீஸ் காரணமில்லை. நான்தான்.

திங்கட்கிழமை காலை மனு எழுதினேன். ஒரே பக்கம். தொண்ணூறாவது நாள் நான் கொடுத்த அறிக்கையில் சொன்ன காரணம் தொம்மை விஷயத்தில் உண்மையில்லை. அவர் போன் பற்றிய லேப் ரிப்போர்ட் அதற்கு முன்பே வந்திருந்தது. அவரைத் தொடர்ந்து காவலில் வைக்க அரசுத் தரப்பிடம் எந்த முகாந்திரமும் இல்லை. ஜாமீன் கொடுக்க ஆட்சேபணை இல்லை. கையெழுத்துப் போட்டேன். அதன் கீழே இன்னும் ஒரு வரி சேர்த்தேன். 'அன்று டயரியைப் படித்ததாக நான் நீதிமன்றத்தில் சொன்னது தவறு.'

நீதிபதி படித்தார். திரும்பப் படித்தார். மூன்று பேருக்கும் வாதாடிய எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"இந்தக் கடைசி வரி வேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறீர்களா?" என்று நீதிபதி கேட்டார்.

"ஆமாம் ஐயா."

"இதைப் பற்றி நான் மேலிடத்துக்கு எழுத வேண்டியிருக்கும்."

"தெரியும் ஐயா."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "அன்றைக்கு உங்களைக் கேட்டதோடு நான் நிறுத்தியிருக்கக் கூடாது. டயரியை என் மேசைக்கு வரவழைத்திருக்க வேண்டும். அந்த ஆள் எல்லாவற்றையும் முதல் நாளே சொல்லிவிட்டேன் என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். என்ன சொன்னீர்கள் என்று நான் கேட்கவில்லை." தட்டச்சு செய்கிறவர் கையைத் தூக்கியபடி, இதை அடிக்கலாமா என்று பார்த்தார். "அடிங்க" என்றார் நீதிபதி.

தொம்மை அன்றே ஜாமீனில் வெளியே போனார். குற்றப்பத்திரிகை போட்டபோது அவர் பெயரைக் குற்றவாளிகள் பட்டியலில் இருந்து எடுத்துச் சாட்சிகள் பட்டியலில் சேர்த்தோம். என்னிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. கொடுத்தேன். எனக்குப் பிறகு வந்தவர்கள் எனக்கு மேலே போனார்கள். எச்சரிக்கையோடு என்னை அந்த வழக்கில் இருக்க விட்டார்கள். வேறு யாரும் அதை எடுத்துக்கொள்ள முன்வரவில்லை என்பதும் ஒரு காரணம்.

வழக்கு தினமும் நடந்தது. தொம்மையின் சாட்சி இல்லாமல் கொட்டகைக்கும் அந்த மூன்று பேருக்கும் நேரடித் தொடர்பைக் காட்ட முடியாது. அவருக்குச் சம்மன் போயிற்று. அவர் வாங்கவில்லை. இரண்டாவது சம்மனும் திரும்பி வந்தது. டி.எஸ்.பி., "நாலு போலீஸ அனுப்பிக் கூட்டியாரவா?" என்றார். வேண்டாம் என்றேன். எதிர்த்தரப்பு வக்கீலிடம், நான் சாட்சியைப் பார்க்கப் போகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.

ராதாபுரம் தாண்டியதும் காற்றாலைகள் வரிசையாக நின்றன. காற்று குறைந்திருந்தது. ஒவ்வொரு இறக்கையும் யோசித்து யோசித்துச் சுற்றியது. பனைகளுக்கு நடுவே சிவந்த மண். அதற்கு அப்பால் கடல், சத்தமில்லாமல், துவைத்துக் காயப்போட்ட நீலத் துணி போல. தொம்மை ஓலைக் கொட்டகையில் ஒரு எஞ்சினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்தார். எழுந்திருக்கவில்லை.

"நான் ஏன் வரணும்?" என்றார். "மொத தடவையும் சாட்சிதானே சொன்னேன். அதுக்கு என்ன கெடச்சுது?"

"நீங்கள் சொன்னதை நான் படிக்கவில்லை" என்றேன். "படித்தேன் என்று நீதிபதியிடம் பொய் சொன்னேன். அதனால்தான் தொண்ணூறாவது நாள் உங்களை விடவில்லை. என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். சாட்சிக்காக இதைச் சொல்லவில்லை. நீங்கள் வராவிட்டாலும் இதைச் சொல்லிவிட்டுத்தான் போவேன்."

அவர் கையில் இருந்த திருகாணியை உருட்டிக்கொண்டே இருந்தார். பிலோமி வாசலில் வந்து நின்றாள். இடுப்பில் குழந்தை, ஒரு வயது ஆகப்போகிறது.

"அன்னைக்கு மரத்தடியில நான் கேட்டது ஒங்ககிட்டதானே?" என்றாள்.

"என்னிடம்தான்."

"கோட்டு போட்டவிய எல்லாரும் எங்க பக்கம்னு நெனச்சுட்டேன்." அவள் கோபப்படவில்லை. யாருக்கோ நடந்ததைச் சொல்வது போலச் சொன்னாள். "ஞாயித்துக்கெழம இல்லன்னு சாமியார்ட்ட போயிச் சொன்னேன். சரி, வாரப்ப குடுப்போம்னாரு. நாலு மாசப் புள்ளைக்குத் தலையில தண்ணி ஊத்துனா சும்மா இருக்குமா? சாமியாரு தாடியப் புடிச்சு இழுத்துட்டா."

தொம்மை முதல்முறையாகச் சிரித்தார். சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

நான் கிளம்பத் திரும்பியபோது பிலோமிதான் பேசினாள். "அவரு வந்து சொல்லுவாரு. அந்த பஸ்ஸு நிக்குத எடத்துல எங்க தங்கச்சியும்தான் நிக்குதா. ஆனா ஒண்ணு. நடந்தத எல்லாம் சொல்லுவாரு. போலீஸு வச்சிருந்தது, நீங்க இங்கன வந்தது, எல்லாம். பாதிய மட்டும் சொல்லச் சொல்லாதிய."

"எல்லாவற்றையும் சொல்லட்டும்" என்றேன்.

சாட்சிக் கூண்டில் ஏறியதும் தொம்மை மூன்று பேரையும் ஒவ்வொருவராக அடையாளம் காட்டினார். வள்ளம், எஞ்சின், பனைவிளை, கொட்டகை என்று வரிசையாகச் சொன்னார். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். திறமையானவர். எங்கே அடிப்பார் என்று எனக்குத் தெரியும்.

"நூற்று முப்பது நாளுக்கு மேல் உங்களை உள்ளே வைத்திருந்தார்கள். இப்படிச் சாட்சி சொல்லச் சம்மதித்ததால்தானே விட்டார்கள்?"

"இல்ல ஐயா. மொத நாளு என்ன சொன்னேனோ அதத்தான் இப்பவும் சொல்லுதேன். வேணும்னா அந்த டயரிய எடுத்துப் பாத்துக்கிடுங்க."

"அரசு வழக்கறிஞர் உங்கள் வீட்டுக்கு வந்தாரா?"

"வந்தாவ."

"என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாரா?"

"ஒண்ணும் சொல்லித் தரல. மன்னிப்பு கேட்டாவ."

"எதற்கு?"

"நான் சொன்னத அவிய படிக்கலியாம். படிச்சேன்னு ஐயாட்ட பொய் சொல்லிட்டாவளாம். அதுக்கு."

 மூன்று பேரும் கூண்டிலிருந்து என்னைப் பார்த்தார்கள். டி.எஸ்.பி. தலையைக் குனிந்துகொண்டார். வக்கீல் அடுத்த கேள்வியை வைத்திருந்தார் என்றே நினைக்கிறேன். காகிதத்தைப் புரட்டினார், மூடினார், "வேறு கேள்வி இல்லை" என்று உட்கார்ந்துவிட்டார். என் மனுவில் ஏற்கெனவே எல்லாம் இருந்தது. மறைத்ததைத்தான் குறுக்கு விசாரணையில் பிடித்து இழுக்க முடியும். இழுப்பதற்கு அங்கே ஒன்றும் மிச்சமில்லை.

மூன்று பேரில் இருவருக்குத் தண்டனை கிடைத்தது. ஒருவன்மேல் போதுமான சாட்சியம் இல்லை என்று விடுதலை செய்தார்கள். படித்துப் பார்த்தேன், அந்த முடிவு சரிதான். மேல்முறையீட்டிலும் அது அப்படியே நின்றது. இதே வழக்கு சாதாரண நீதிமன்றத்தில் இருந்திருந்தால், வரப்புத் தகராறுகளுக்கு நடுவில் வாய்தா வாங்கி வாங்கி, சாட்சிகள் செத்துப்போய், விடுதலையான அந்த ஆளும் பல வருடம் உள்ளேயே கிடந்திருப்பான். தினமும் உட்கார்ந்து கேட்கிற ஒரு நீதிமன்றம் இருந்ததால்தான் குற்றம் செய்தவர்களுக்கும் செய்யாதவனுக்கும் சீக்கிரம் பதில் கிடைத்தது. இதை நான் மறுக்க முடியாது.

அதே நீதிமன்றம்தான் தொம்மையை வைத்திருந்தது. ஒரே வகை வழக்கை மட்டும் தினமும் பார்க்கிற கண்ணுக்கு, உள்ளே வருகிற எல்லோரும் அந்த வகை ஆளாகவே தெரிய ஆரம்பிப்பார்கள். கேள்வி கேட்க வராந்தாவில் ஆள் இல்லை. அழுகிற பிள்ளை வெளிவாசலில் நிற்கிறது. சட்டம் நூற்றெண்பது நாள் கொடுத்திருக்கிறது என்றால், எல்லோருக்கும் நூற்றெண்பது ஆகிவிடுகிறது. ஓய்வு பெறுவதற்கு முன் இன்னொரு வழக்கில் நீட்டிப்பு அறிக்கை கொடுக்க வேண்டி வந்தது. இரண்டு நாள் உட்கார்ந்து டயரி முழுவதையும் படித்தேன். அவகாசம் நிஜமாகவே தேவைப்பட்டது. ஆனால் தொண்ணூறு தேவையில்லை. இருபது நாள் கேட்டேன். அதே டி.எஸ்.பி.தான். ஒரு வார்த்தை பேசாமல் பதினெட்டாவது நாள் வேலையை முடித்துக் கொண்டுவந்தார். ஆகவே, வகுப்பில் கேட்டவருக்கு: தனி நீதிமன்றம் இருக்கட்டும். ஆனால் அதன் வாசலைத் திறந்து வையுங்கள். அதற்குள் உட்காரப் போகிறவர் நீங்கள் என்றால், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

தொம்மை சாட்சி சொன்ன அன்று சாயங்காலம் நான் முன்வாசல் வழியாகவே வெளியே போனேன். அவரும் அப்போதுதான் சோதனை வாசலைத் தாண்டி வந்தார். மலைப்பக்கம் மழை பிடித்திருந்தது. வானம் முழுவதும் ஒரு பச்சை வெளிச்சம்.  ராதாபுரத்துக்குப் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டார். சொன்னேன். சட்டைப்பையில் கையை விட்டு எதையோ தேடினார், கிடைக்கவில்லை, விட்டுவிட்டார்.

"சரிம்மா, வா…" என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். திரும்பி அந்தக் கட்டடத்தை ஒருமுறை பார்த்தார்.

"இங்கன வச்சு வாறேன்னு சொல்லக்கூடாது" என்றார். "போறேம்மா."

திரும்பிப் பார்க்காமல் நடந்து போனார்.